செண்பகம் டீச்சரின் ரிலீஃப் பட்டியல்

செய்தி ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் மூன்று மணிக்கு ஆசிரியர்களின் வாட்ஸ்அப் குழுவில் வந்தது. இப்படியொரு மரணச் செய்தி வேறு யாரைப் பற்றியாவது வந்திருந்தால், செண்பகம் டீச்சர் அதை மறுநாள் காலை ஏழு மணிக்குத்தான் படித்திருப்பார். பள்ளிக்கூடத்துச் செய்தி எதையும் இரண்டு மணிக்கு மேல் திறப்பதில்லை என்று அந்தக் குழுவிலேயே எழுதிப் போட்டவர் அவர். நாங்கள் ஒவ்வொருவராகக் கைகூப்பும் படத்தை அனுப்பிக்கொண்டிருந்தோம். குழுவில் அவர் பெயரும் படமும் அப்படியே இருந்தன. அவற்றை நீக்க யாருக்கும் தோன்றவில்லை.

கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸில் அவரும் கணவரும் குடியிருந்த அடுக்குமாடி வீட்டில், அன்று காலை காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தபோது மாரடைப்பு வந்திருக்கிறது. ஆம்புலன்ஸ் வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது என்றார்கள். வயது ஐம்பத்தெட்டு. பணி ஓய்வுக்கு இன்னும் இரண்டு ஆண்டு இருந்தது. கிள்ளானில் எங்கள் தமிழ்ப்பள்ளியில் இருபது ஆண்டுக்கு மேல் கணிதம் கற்பித்தவர்.

இதைப் படிக்கப்போகும் உங்களில் பெரும்பாலோர் அவரோடு வேலை செய்தவர்கள். பாதிப் பேர் அவரை முதுகுக்குப் பின்னால் திட்டியவர்கள். ஆனால் அவர்மீது எழுத்தில் புகார் கொடுத்தவன் நான் ஒருவன்தான். இந்த அஞ்சலியை என்னை எழுதச் சொன்னவர் எங்கள் தலைமையாசிரியர். "நீங்கதானே சார் அவங்களோட ரொம்ப வருஷம் இருந்தவரு" என்றார். அவர் பள்ளிக்குப் புதியவர், பழைய கதை தெரியாது. நானும் அப்போது சொல்லவில்லை. இங்கே சொல்லிவிடுகிறேன்.

ரிலீஃப் என்றால் என்னவென்று வெளியாருக்கு விளக்க வேண்டும். ஓர் ஆசிரியர் வராத நாளில் அவருடைய பாடவேளைகளை வந்திருக்கும் மற்றவர்கள் பார்த்துக்கொள்ள வேண்டும். யார் எந்த வகுப்புக்குப் போவது என்று காலையில் ஒருவர் பட்டியல் போட்டு, அலுவலகத்துக்கு வெளியே இருக்கும் வெள்ளைப் பலகையில் ஒட்டுவார். நோட்டுப் புத்தகம் திருத்தலாம், ஒரு காபி குடிக்கலாம் என்று நாம் நம்பியிருந்த ஒரே ஓய்வுவேளை அந்தத் தாளில் பறிபோகும். ஆகவே பட்டியல் போடுகிறவரை யாருக்கும் பிடிக்காது. அந்த வேலையைச் செண்பகம் டீச்சர் ஒன்பது வருடம் செய்தார். வீட்டிலிருந்து கே.எல். சென்ட்ரல் ரயில் நிலையத்துக்கு நடந்து, விடியற்கால ரயிலைப் பிடித்துக் கிள்ளான் வந்து சேர்வார். அதே ரயிலில் வந்த இன்னொரு ஆசிரியை, பக்கத்து இருக்கையில் உட்கார்ந்தும் ஒரு வணக்கத்துக்கு மேல் தனக்குக் கிடைக்கவில்லை என்று குறைப்பட்டதுண்டு. "கிள்ளான் வர்ற வரைக்கும் நான் டீச்சர் இல்லலா" என்று இவர் பதில் சொன்னாராம்.

ஓய்வு நேரத்தில் பழைய கணித அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு இருபது நிமிடம் சாப்பிடுவார். நாங்கள் எல்லாரும் கேண்டீனில் நின்றுகொண்டே கறிபாப் பலகாரத்தைக் கடித்துக்கொண்டு, ஒரு கையால் பிள்ளைகளை வரிசையில் நிறுத்திக்கொண்டிருப்போம். நின்றுகொண்டு சாப்பிடுவது எங்களுக்கு ஒரு பெருமை என்பதை இப்போது எழுதும்போதுதான் உணர்கிறேன். அவர் சாத்திய கதவை நாங்கள் எல்லாரும் திமிர் என்றுதான் சொன்னோம்.

விடுப்பு விஷயத்திலும் அப்படித்தான். ஆசிரியர்களுக்கு ஆண்டுக்குச் சில நாள் சிறப்பு ஓய்வு விடுப்பு உண்டு. அதை எடுக்க எங்களுக்குக் கூச்சம். எடுத்தாலும், திரும்பி வரும்போது நம் வகுப்பைப் பார்த்துக்கொண்டவர்களுக்கு நாசி லெமாக் சோறோ கேக்கோ வாங்கி வந்து, மாமியாருக்கு உடம்பு சரியில்லை, காருக்கு பிரேக் பிடிக்கவில்லை என்று ஆளுக்கொரு கதை சொல்ல வேண்டும். செண்பகம் டீச்சர் தன் விடுப்பு முழுவதையும் எடுப்பார். எதற்கென்று சொல்ல மாட்டார். ஒன்றும் வாங்கியும் வர மாட்டார். ஒருமுறை இளம் ஆசிரியை ஒருவர் அவர் மேசையில் பலகாரப் பொட்டலம் ஒன்றை வைத்து மன்னிப்பு கேட்டார். "லீவு போட்டதுக்கு லஞ்சமாம்மா? எடுத்துட்டுப் போய்ப் பசிக்குறவங்களுக்குக் குடு" என்று திருப்பி அனுப்பினார். அந்தப் பெண் கண்கலங்கிவிட்டார். அன்று ஆசிரியர் அறையில் இவருக்கு நல்ல பெயர் கிடைக்கவில்லை.

அவர் செய்த எல்லாமே சரி என்று நான் சொல்ல வரவில்லை. ஒருமுறை இரண்டாம் ஆண்டு வகுப்புப் பையன் ஒருவன் பள்ளி விட்டும் வீடு சேரவில்லை. பையனின் தாய் வகுப்பாசிரியரான இவருக்குச் செய்தி மேல் செய்தி அனுப்பியிருக்கிறார். இவர் எதையும் திறக்கவில்லை. பையன் கூட்டாளி வீட்டில் கார்ட்டூன் பார்த்துக்கொண்டிருந்தான் என்பது மாலையில்தான் தெரிந்தது. மறுநாள் அந்தத் தாய் அலுவலகத்தில் நின்று போட்ட சத்தம் எனக்கு நினைவிருக்கிறது. செண்பகம் டீச்சர் வாதாடவில்லை. தன் வீட்டுத் தொலைபேசி எண்ணை ஒரு தாளில் எழுதி அலுவலகக் கண்ணாடியில் ஒட்டினார். "புள்ளையக் காணோம்னா எந்த நேரமும் இந்த நம்பருக்கு அடிங்க. ஃபைலக் காணோம்னா நாளைக்குக் காலையில தேடிக்கலாம்" என்றார். அந்தத் தாய் அவரை மன்னித்தாரா என்று எனக்குத் தெரியாது.

ஒரு சனிக்கிழமை, ஆசிரியர்களின் மன அழுத்தத்தைக் குறைக்கும் பட்டறை ஒன்று பள்ளி மண்டபத்தில் நடந்தது. வருகை கட்டாயம். ஷா ஆலமிலிருந்து வந்த பயிற்றுநர் எல்லாருக்கும் பலூன் கொடுத்தார். நம் கவலையை அதன்மேல் எழுதி, ஊதி, ஊசியால் குத்தி வெடிக்க வேண்டும். மதியம் இரண்டு மணி ஆகியும் பட்டறை முடியவில்லை. கேள்வி உண்டா என்று அவர் கேட்டபோது செண்பகம் டீச்சர் கை தூக்கினார். "சார், இந்தச் சனிக்கிழமைய எங்களுக்குத் திருப்பிக் குடுத்துடுங்க. பாதி ஸ்ட்ரெஸ் இங்கேயே போயிடும்." பயிற்றுநர் சிரித்தார், அன்றைய தலைமையாசிரியர் சிரிக்கவில்லை. அந்தப் பட்டறைக்கு அறிக்கை தயாரித்தவன் நான். எல்லாரும் சிரிக்கும் படங்களாகத் தேட வேண்டியிருந்தது. செண்பகம் டீச்சர் எந்தப் படத்திலும் சிரிக்காததால், அவர் உட்கார்ந்திருந்த ஓரத்தை வெட்டிவிட்டேன். ஓய்வைப் பற்றிய அந்த அறிக்கையை முடிக்க எனக்கு இரண்டு மாலைகள் ஆயின.

அந்தக் காலத்தில் நான் எப்படிப்பட்டவன் என்பதையும் சொல்ல வேண்டும். நான் கட்டொழுங்கு ஆசிரியர். கூடவே காற்பந்துக் குழு, கட்டுரைப் போட்டி, ஆறாம் ஆண்டு மாலை வகுப்பு, பெற்றோர்களின் ஆறு வாட்ஸ்அப் குழுக்கள். போட்டிக்குப் போகும் பிள்ளைகளை என் காரிலேயே ஏற்றிப் போவேன். பதினோரு வருடம் டாக்டரிடம் ஒரு எம்.சி. விடுப்புச் சீட்டு வாங்கியவன் இல்லை. அப்பாவின் காரியம் முடிந்த மறுநாள் காலை ஆறே முக்காலுக்குப் பள்ளி வாசலில் நின்றேன். அதற்காக மேடையில் என்னைப் பாராட்டினார்கள். கைதட்டலும் நன்றாகத்தான் இருந்தது.

நான் புகார் எழுதிய ஆண்டின் நடுவில் சில விஷயங்கள் மாறின. பிள்ளைகளின் பெயர் வாயில் வரவில்லை. "ரெண்டாவது வரிசை, ஜன்னல் ஓரம்" என்று கூப்பிட ஆரம்பித்தேன். காரை நிறுத்திவிட்டு இறங்காமல் பத்து நிமிடம் உட்கார்ந்திருப்பேன். இதெல்லாம் வயதாவதன் அறிகுறி என்று நினைத்துக்கொண்டேன். காலையில் அலுவலக வாசலில் நின்று பட்டியல் எழுதும் ஒருவர், கார் நிறுத்துமிடத்தையும் பார்த்துக்கொண்டிருந்தார் என்பது எனக்குத் தெரியவில்லை.

ஒரு செவ்வாய்க்கிழமை பலகையைப் பார்த்தேன். வராதவர்கள் என்ற தலைப்பின் கீழ் என் பெயர் இருந்தது. என் வகுப்புகள் நான்கு பேருக்குப் பிரித்துக் கொடுக்கப்பட்டிருந்தன. தவறி எழுதிவிட்டார் என்றுதான் முதலில் நினைத்தேன்.

"டீச்சர், நான் வந்துட்டேனே" என்றேன்.

அவர் பேனாவை மூடினார். "வந்திருக்கிறது சட்டை சார். நீங்க வரல. ஒரு வாரமா பாத்துக்கிட்டுதான் இருக்கேன்."

மூன்று நாள் விடுப்புக்கான படிவத்தை நீட்டினார். எல்லாம் நிரப்பப்பட்டிருந்தது. என் கையெழுத்து மட்டும்தான் பாக்கி. பக்கத்தில் நின்ற யாரோ சிரித்தார்கள்.

"என்ன டீச்சர் விளையாடுறீங்களா? எல்லார் முன்னாடியும் என்னை வேலை செய்யாதவன்னு சொல்றீங்களா?"

"வேலை செஞ்சது போதும்னு சொல்றேன். உங்க கிளாஸ நாலு பேரு பாத்துப்பாங்க. வீட்டுக்குப் போங்க சார்."

நான் மார்க்கரை எடுத்து என் பெயரை அடித்துவிட்டு வகுப்புக்குப் போனேன். ஓய்வு நேரத்தில் அன்றைய தலைமையாசிரியருக்கு ஒன்றரைப் பக்கம் மலாய்மொழியில் கடிதம் எழுதினேன். சக ஆசிரியர்கள் முன்னிலையில் என் கண்ணியம் குலைக்கப்பட்டதாகவும், பணியில் இருப்பவரை வராதவராகக் காட்டுவது பதிவேட்டை மாற்றுவதற்குச் சமம் என்றும் எழுதியிருந்தேன். அந்த இரண்டாவது வாக்கியத்தை எழுதியபோது எனக்கு மிகவும் திருப்தியாக இருந்தது. வாரம் முடிவதற்குள் அவரிடம் விளக்கம் கேட்டார்கள். ரிலீஃப் வேலையை அவரிடமிருந்து எடுத்து என்னிடம் கொடுத்தார்கள்.

ரிலீஃப் ஃபைலை அவரே கொண்டுவந்து என் மேசையில் வைத்தார். உள்ளே ஒவ்வோர் ஆசிரியர் பெயருக்கு நேராகவும் பென்சிலில் சிறு குறிப்புகள். ஒருவருக்கு முழங்கால் வலி, மூன்றாம் மாடி கொடுக்கக் கூடாது. ஒருவரின் அம்மாவுக்கு டயாலிசிஸ், வெள்ளிக்கிழமை கடைசி வேளை கொடுக்கக் கூடாது. இன்னொருவருக்குக் காரணம் எதுவும் இல்லை, "ஆகஸ்டு வரை லேசாக" என்று மட்டும். இதெல்லாம் வேண்டியவர்களுக்குக் காட்டிய சலுகை என்று எண்ணி, புதுத் தாளில் பெயர்களை மட்டும் எழுதிக்கொண்டேன்.

பட்டியல் போட ஆரம்பித்த பிறகு ஒன்று தெரிந்தது. யார் பெயரை எழுதினாலும் முகம் சுளிப்பார்கள். சுளிக்காத பெயர் ஒன்றே ஒன்றுதான், அது என்னுடையது. எனவே காலியான வேளைகளில் என் பெயரை எழுத ஆரம்பித்தேன். ஓய்வுவேளை எதுவும் எனக்கு மிஞ்சவில்லை. "சார் மாதிரி வருமா" என்றார்கள். இப்படி நான்கு வாரம் ஓடியது.

நான்காம் ஆண்டில் தர்ஷினி என்று ஒரு மாணவி. இது அவளுடைய உண்மைப் பெயர் இல்லை. கட்டுரையை மூன்றாவது முறையாகவும் மூன்று வரியில் முடித்துக்கொண்டு வந்தாள். நான் அந்தப் பக்கத்தைக் கிழித்தேன். பிறகு புத்தகத்தையே இரண்டாகக் கிழித்தேன். வகுப்பில் சத்தமே இல்லை. அவள் குனிந்து தாள்களைப் பொறுக்கினாள். பக்க எண் பார்த்து வரிசையாக அடுக்கினாள். "சாரி சார்" என்று சொல்லிவிட்டு இடத்துக்குப் போனாள். நான் அவளைப் பார்த்துக்கொண்டுதான் நின்றேன். கோபம் வரவில்லை, பாவமாகவும் இல்லை. அடுத்த வேளை எந்த வகுப்புக்கு ரிலீஃப் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

பயம் மாலையில் வந்தது. ஷா ஆலமில் இருக்கும் வீட்டுக்குக் கார் ஓட்டிப் போகும் வழியில், அந்தப் பிள்ளை தாள்களை அடுக்கியது கண்ணில் தெரிந்தது. ஒன்பது வயதுப் பிள்ளை என் முன்னால் குனிந்து குப்பை பொறுக்கியபோது எனக்கு ஒன்றுமே தோன்றவில்லை என்பதை அப்போதுதான் புரிந்துகொண்டேன். இனி நான் பிள்ளைகளோடு இருக்கத் தகுதியானவன்தானா என்ற கேள்வி வந்தது. விருப்ப ஓய்வுக் கடிதத்தின் முதல் வரிகளை மனத்துக்குள் எழுத ஆரம்பித்தேன்.

மறுநாள் ஓய்வு நேரத்தில் பழைய கணித அறையின் கதவைத் தட்டினேன். அதை யாரும் தட்டுவதில்லை. செண்பகம் டீச்சர் இட்லியைத் தட்டில் வைத்துக்கொண்டு நிமிர்ந்து பார்த்தார்.

"புள்ளை விஷயமா, ஃபைல் விஷயமா?"

"என் விஷயம் டீச்சர்."

உட்காரச் சொன்னார். நான் சொல்லி முடிக்கும்வரை சாப்பிட்டுக்கொண்டே கேட்டார். ஆறுதல் ஒன்றும் சொல்லவில்லை.

"கை நீட்டினீங்களா?"

"இல்ல."

"அடுத்தது அதுதான்" என்றார்.

பிறகு அவர் கதையைச் சொன்னார். எங்கள் பள்ளிக்கு வருவதற்கு முன் தெலுக் பங்லிமா காராங் என்ற ஊர்ப் பக்கம் ஒரு பள்ளியில் இருந்திருக்கிறார். அங்கே அவர்தான் எல்லாம். கணிதம், நடனம், வீடு வீடாகப் போய்ப் பிள்ளைகளைக் கூட்டி வருவது வரை. ஒரு நாள் அவர் மதிப்பெண் எழுதிக்கொண்டிருந்தபோது ஒரு பையன் மேசைக்கு வந்து, "டீச்சர், ஒண்ணு சொல்லணும்" என்றிருக்கிறான். நாளைக்குச் சொல்லுடா என்று இவர் தலை நிமிராமலே சொல்லியிருக்கிறார். அவனுடைய அப்பாவுக்கு வேறெங்கோ தொழிற்சாலையில் வேலை கிடைத்து, குடும்பம் அந்த வாரமே போய்விட்டது. பையன் திரும்பி வரவில்லை.

"பெருசா ஒண்ணும் இருந்திருக்காது சார். பென்சிலக் காணோம்னு சொல்ல வந்திருப்பான். போறோம்னு சொல்ல வந்திருப்பான். ஆனா எனக்குத் தெரியாது பாருங்க. இன்னைக்கு வரைக்கும் தெரியாது."

தட்டைக் கழுவி வைத்தார். கையைத் துடைத்துக்கொண்டு இன்னொன்றும் சொன்னார். "கிளாஸ்ல டீச்சர் இல்லன்னா புள்ளைங்க சத்தம் போடும், யாராச்சும் வந்து எட்டிப் பாப்பாங்க. களைச்சுப்போன டீச்சர் உள்ள நின்னாருன்னா சத்தமே வராது. ஒருத்தரும் வந்து பாக்க மாட்டாங்க. அது ரொம்ப ஆபத்து."

மேசை இழுப்பறையைத் திறந்து அதே படிவத்தை எடுத்தார். தேதியை மட்டும் அடித்து மாற்றியிருந்தார். கையெழுத்துப் போடுவதற்கு முன் அந்தப் பிள்ளையைப் பார்க்க வேண்டும் என்றேன். "அத மொதல்ல பண்ணுங்க" என்றார். விடுப்புக்கு நிபந்தனைகளும் உண்டு. புத்தகம் எதையும் வீட்டுக்கு எடுத்துப் போகக் கூடாது. தூக்கம் வருவதில்லை என்பதைக் கிளினிக்கில் வெட்கப்படாமல் சொல்ல வேண்டும். "அப்புறம் குடும்பத்தைக் கூட்டிக்கிட்டு மலாக்கா, கேமரன் மலைன்னு சுத்தக் கிளம்பிடாதீங்க சார். அது இன்னொரு டியூட்டி."

வகுப்பின் முன்னால் நின்று நான் செய்தது தவறு என்று தர்ஷினியிடம் சொன்னேன். "பரவால்ல சார்" என்றாள். பிறகு, "அம்மா புக்கு எங்கன்னு கேட்டா என்ன சொல்றது?" என்று கேட்டாள். நானே அவள் அம்மாவைக் கூப்பிட்டுச் சொன்னேன். அவர் "சரி சார்" என்று மட்டும் சொன்னார். திட்டியிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். அதற்குப் பிறகு நான் மேசைப் பக்கம் போனால் அந்தப் பிள்ளை தன் புத்தகத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொள்வாள். அந்தப் பழக்கம் போக ஆண்டு இறுதி ஆகிவிட்டது.

மூன்று நாள் ஓய்வு இன்பமாக இருக்கவில்லை. முதல் நாள் ஒன்றும் செய்யத் தெரியாமல், கம்போங் மேடானில் அம்மா இருக்கும் ஃபிளாட்டுக்குப் போனேன். வேலை நாளில் என்னைப் பார்த்ததும் அம்மாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. "ஏன்யா, வேலைய விட்டு எடுத்துட்டாங்களா?" என்றார். லீவு என்றால் நம்பவில்லை. இரண்டாம் நாள் கிளினிக்கில் டாக்டர் இரத்த அழுத்தத்தைப் பார்த்துவிட்டு, எத்தனை நாளாகத் தூங்கவில்லை என்று கேட்டார். எண்ணிப் பார்த்துச் சொல்ல முடியவில்லை. அவர் மனநல ஆலோசகர் ஒருவரிடம் பேச அனுப்பினார். அங்கே நான் பல மாதம் போய்வந்தேன். மூன்றாம் நாள் சும்மா படுத்திருந்தேன். பள்ளிக்குத் திரும்பியபோது, நான் இல்லாமல் எதுவும் நின்றுபோகவில்லை என்று தெரிந்தது. அது எனக்கு நிம்மதி தரவில்லை, வலித்தது. அந்த வலியைச் செண்பகம் டீச்சரிடம் சொன்னபோது, பட்டறைப் படங்களில் சிரிக்காத அந்த மனுஷி வாய்விட்டுச் சிரித்தார்.

காற்பந்துக் குழுவை வேறொருவரிடம் கொடுத்தேன். நான்கு வாட்ஸ்அப் குழுக்களிலிருந்து வெளியே வந்தேன். பெற்றோர் இருவர் என்னோடு பேசுவதை நிறுத்திக்கொண்டார்கள். ரிலீஃப் வேலையை அவரிடமே திருப்பித் தருகிறேன் என்றேன். "வேணாம் சார், நீங்களே செய்ங்க. ஆனா ஒரு நாளைக்கு ஒரு வேளைக்கு மேல உங்க பேர எழுதக் கூடாது" என்றார். அவருடைய பென்சில் குறிப்புகளைத் தேடி எடுத்து, மறுபடி எழுதிக்கொண்டேன்.

ஒன்றை மட்டும் நான் செய்யவில்லை. அந்தப் புகார்க் கடிதத்துக்காக அவரிடம் மன்னிப்பு கேட்கவில்லை. எழுதியது நான்தான் என்று அவருக்குத் தெரியுமா என்றும் கேட்கவில்லை. தலைமையாசிரியர் பெயர் சொல்லாமல் விசாரித்திருக்கலாம் என்று எண்ணி என்னைச் சமாதானப்படுத்திக்கொண்டேன். அவருடைய பணி ஓய்வு விருந்தில் எல்லார் முன்னிலையிலும் சொல்லிவிடலாம் என்று வைத்திருந்தேன். இரண்டு ஆண்டு இருக்கிறதே என்ற தைரியம். கோழைத்தனம் என்பதுதான் அதற்குச் சரியான பெயர்.

திங்கட்கிழமை இறுதிச் சடங்கு. பள்ளியை மூட முடியாது. யார் போவது, யார் இருந்து பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வது என்று பட்டியல் போட்டுவிட்டு நானும் பிரிக்ஃபீல்ட்ஸுக்குப் போனேன். ஃபிளாட்டின் கீழே கூடாரம் போட்டிருந்தார்கள். அங்கே உட்கார்ந்திருந்தபோது எங்கள் ஆசிரியர் ஒருவர் மெதுவாகச் சொன்னார். "உடம்ப எப்படிப் பாத்துக்கிட்டாங்க! நேரத்துக்குச் சாப்பாடு, நேரத்துக்குத் தூக்கம். கடைசியில என்ன பிரயோஜனம், சொல்லுங்க?" உங்களில் பலருக்கும் அந்தக் கேள்வி இருக்கும் என்பதால் என் பதிலை இங்கே எழுதுகிறேன். அவர் நீண்ட நாள் வாழ்வதற்காக அப்படி இருந்தார் என்று நான் நினைக்கவில்லை. அவர் இறப்பதற்கு முந்தைய வெள்ளிக்கிழமை கடைசி வேளையில்கூட, ஒரு முதலாம் ஆண்டுப் பிள்ளை தன் பல் விழுந்த கதையைச் சொல்ல, அவர் பேனாவை வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன். அவசரமே இல்லாமல் கேட்டார். அவருக்குத் தேவைப்பட்ட பிரயோஜனம் அவ்வளவுதான்.

அவருடைய கணவர் நடராஜன் அண்ணன் ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். எல்லாம் முடிந்த பிறகு, மாடிப்படி ஓரத்தில் தனியாக நின்றவரிடம் போனேன். அப்போதாவது சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது.

"அண்ணே, டீச்சர் மேல முன்ன ஒரு புகார் போச்சு. அத எழுதினது நான்தான்."

"தெரியுமே" என்றார். "வெளக்கம் கேட்ட அன்னைக்குச் சாயந்தரமே வந்து சொன்னா."

"ரொம்ப வருத்தப்பட்டாங்களா?"

"வருத்தமா? சந்தோஷமா அவளே போய் டீ போட்டா." அவர் முகத்தில் சிரிப்புப் போல ஒன்று வந்து போனது. "'ஒன்றரைப் பக்கம் எழுதியிருக்காருங்க. அவ்ளோ கோபம் வருது. அப்ப ஆளு இன்னும் உள்ளதான் இருக்காரு'ன்னா. 'கதவத் தட்டுவாரு, அந்த ஃபார்ம மட்டும் தூக்கிப் போடாம வச்சிருக்கணும்'ன்னு சொல்லிக்கிட்டே இருந்தா. நீங்க வந்த அன்னைக்கும் வந்து சொன்னா தம்பி."

நான் அங்கேயே நின்று அழுதேன். அவர்தான் என் தோளைப் பிடித்துக்கொண்டார். துக்க வீட்டுக்காரர் எனக்கு ஆறுதல் சொல்ல வேண்டியதாகிவிட்டது.

அவருடைய வழக்கங்களில் பலவற்றை என்னால் கடைப்பிடிக்க முடியவில்லை. இரண்டு மணிக்கு மேலும் செய்திகளைத் திறக்கிறேன், இன்னும் பல நாள் நின்றுகொண்டேதான் சாப்பிடுகிறேன். அவரிடமிருந்து எடுத்து நான் வைத்திருப்பது ஒன்றுதான். காலையில் வராதவர்களின் பெயரை எழுதி முடித்த பிறகு, வந்தவர்களின் முகத்தைப் பார்க்கிறேன். இறுதிச் சடங்குக்கு மறுநாள், செவ்வாய்க்கிழமை காலை, மூன்று ஆண்டு அனுபவமுள்ள ஓர் ஆசிரியை என் வணக்கத்தைக் காதில் வாங்காமல் கடந்து போனார். அவர் மேசையில் பிள்ளைகளின் புத்தகங்கள் ஒரு வாரமாகத் தொடப்படாமல் கிடந்ததை நான் முன்பே கவனித்திருந்தேன். வராதவர்கள் வரிசையில் அவர் பெயரை எழுதினேன். பலகையைப் பார்த்துவிட்டு, "என்ன சார் இது, நான் என்ன தப்பு பண்ணேன்?" என்று முகம் சிவக்க என்னிடம் சண்டைக்கு வந்தார். எனக்கு நிம்மதியாக இருந்தது.